டிஸ்க்கின் வருத்தம் விண்டோஸ் போட்டு மாறாது

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். வீட்டில் 2012இல் வாங்கிய டெஸ்க்டொப் ஒன்று. இரண்டாம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி றாம், 500 ஜிபி ஹாட் டிஸ்க், விண்டோஸ் 7. சில மாதங்களாக நடுவில் உறைந்து நின்றுவிட்டுப் பிறகு தானாக ஓடுமாம். போன கிழமை நீலத் திரை வந்தது. கடையில் கொடுத்து விண்டோஸ் 10 போடப் பார்த்தார்கள். ஃபைல்களை எழுதும் இடத்தில் 80070570 என்று முடிகிற பிழை எண்ணோடு நின்றுவிட்டது. "முழுதாக ஃபோர்மட் அடித்துப் போட்டால் சரி" என்று கடையில் சொல்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் வருடக்கணக்காகத் தட்டிய வினாத்தாள்களும் ஸ்கேன் பண்ணிய குடும்பப் படங்களும் உள்ளே இருக்கின்றன. என்ன செய்வது, எந்த ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) போடுவது, பழைய டிஸ்க்கைப் படம் பாட்டு வைக்கவாவது பாவிக்கலாமா? இவைதான் கேள்விகள்.

தம்பி, முதலில் மெஷினை நிறுத்தி வயரைக் கழற்றி வையுங்கள். இன்னொருக்கா போட்டுப் பார்ப்போம் என்ற ஆசை வரும். வேண்டாம். டிஸ்க் உண்மையிலேயே பழுதாகத் தொடங்கியிருந்தால், அதில் மிச்சமிருக்கிற ஓட்டத்தை உங்கள் அப்பாவின் ஃபைல்களை எடுக்கத்தான் செலவழிக்க வேண்டும், விண்டோஸ் லோகோவைப் பார்க்க அல்ல.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஃபோர்மட் அடித்தால் சில வேளை சரியாவது போலத்தான் இருக்கும். அதனால்தான் இந்த நம்பிக்கை இவ்வளவு காலம் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஒரு கணக்குக் கொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு பக்கத்தில் மழைத்தண்ணி பட்டு மை ஊறிவிட்டது. வாசிக்கப் போனால் கண்ணைச் சுருக்கித் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். டிஸ்க்கும் அதைத்தான் செய்கிறது. வாசிக்க முடியாத செக்டர், அதாவது தரவு எழுதப்படும் சின்னத் துண்டு, ஒன்று வந்தால் விடாமல் திரும்பத் திரும்ப முயலும், அந்த நேரம் முழுக்க விண்டோஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் சொன்ன உறைதல் பெரும்பாலும் இதுதான். அந்தப் பக்கத்தில் புதிதாக எழுதச் சொன்னால் டிஸ்க் பார்க்கும்: எழுத்து நின்றால் சரி, நிற்காவிட்டால் கொப்பியின் கடைசியில் மிச்சம் வைத்திருக்கிற வெற்றுப் பக்கம் ஒன்றை அதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும். விஸ்டா காலத்திலிருந்து முழு ஃபோர்மட் என்பது டிஸ்க் முழுவதும் பூச்சியம் எழுதுவது. ஆகவே முழு ஃபோர்மட் அடித்தால் சந்தேகத்தில் இருந்த செக்டர்கள் எல்லாம் தீர்ப்புச் சொல்லப்பட்டு, மெஷின் சில கிழமைக்கு நல்ல பிள்ளையாக இருக்கும். ஆனால் பக்கங்களைப் பழுதாக்கிய காரணம் உள்ளேயே இருக்கிறது. கொஞ்ச நாளில் வேறு பக்கங்கள் ஊறும். குயிக் ஃபோர்மட்டில் இதுகூட நடக்காது. அது உள்ளடக்கப் பட்டியலை மட்டும் புதிதாக எழுதிவிட்டுப் போய்விடும்.

எப்படியானாலும் அந்தப் பூச்சியங்களுக்குக் கீழே போவது உங்கள் அப்பாவின் வினாத்தாள்கள்.

அடுத்ததாகக் கடைக்குப் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: விண்டோஸ் 10 போடும்போது சி ட்ரைவை ஃபோர்மட் பண்ணினார்களா, பார்டிஷனை (டிஸ்க்கைப் பிரித்த துண்டை) அழித்தார்களா, அல்லது பழையதற்கு மேலேயே போடப் பார்த்தார்களா? சண்டைக்காக இல்லை, மீட்கும் வழி இதைப் பொறுத்து மாறும். பழையதற்கு மேலே போட்டிருந்தால் ஃபைல்கள் பெரும்பாலும் இருக்கும். குயிக் ஃபோர்மட் என்றால், அவற்றுக்கு மேலே வேறெதுவும் எழுதப்படாதவரை மீட்கலாம். அப்புறம், "முக்கியமானதெல்லாம் டி ட்ரைவில் இருக்கிறது, பயமில்லை" என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சியும் டியும் ஒரே டிஸ்க்கைப் பிரித்த இரண்டு துண்டுகள். ஒரே வீட்டின் இரண்டு அறைகள். அத்திவாரம் இறங்கினால் இரண்டும் இறங்கும்.

டிஸ்க்கைக் குற்றம் சொல்வதற்கு முதல் இன்னும் மூன்று பேரை விசாரிக்க வேண்டும். எனக்கு இதில் ஒரு வெட்கக்கேடான அனுபவம் உண்டு. சாவகச்சேரியில் ஒரு வீட்டு மெஷினுக்கு மூன்று தரம் விண்டோஸ் போட்டேன், மூன்று தரமும் பிழை. டிஸ்க் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்று பெரிய ஆள் போலச் சொல்லிவிட்டும் வந்தேன். புது டிஸ்க்கிலும் அதே பிழை. கடைசியில் பார்த்தால், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் ஒரு பக்கம் கொளுவி உடைந்து, அசைகிற நேரம் எல்லாம் தொடர்பு விட்டு விட்டு வந்திருக்கிறது. உப்புக்காற்றும் செம்மண் தூசியும் சேர்ந்த எங்கள் ஊரில், பத்து வருடமாகத் திறக்காத பெட்டிக்குள் கேபிள் முனைகள் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். ஆகவே முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள், மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகுங்கள். அந்தக் கேபிள் மிக மலிவான சாமான்.

இரண்டாவது றாம். உங்கள் பிழை எண் டிஸ்க்குக்கு மட்டும் உரியது அல்ல. ஃபைல் பழுதாக வந்து சேர்கிறது என்பதுதான் அதன் பொருள். றாம் பழுதென்றாலும் அதே எண் வரலாம். றாமைக் கழற்றிப் பொன்னிற முனைகளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துத் திரும்பப் போடுங்கள். பிறகு மெம்டெஸ்ட்86+ என்ற இலவசச் சோதனையை ஓர் இரவு ஓட விடுங்கள். அந்த நேரம் ஹாட் டிஸ்க்கின் வயரைக் கழற்றி விடுங்கள், அது வீணாகச் சுழலத் தேவையில்லை. ஒரு பிழை வந்தாலும் அந்த றாம் சரியில்லை. மூன்றாவது, அவர்கள் பாவித்த பென் ட்ரைவ் அல்லது சீடி. விண்டோஸ் ஏறுவது ஒவ்வொரு முறையும் ஒரே சதவீதத்தில் நின்றால் பெரும்பாலும் பென் ட்ரைவோ டிஸ்க்கோ. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் நான் றாமையும் கேபிளையும் முதலில் பார்ப்பேன். இது சட்டம் இல்லை, கைப்பழக்கம்.

இனி ஹாட் டிஸ்க்கின் வயரைத் திரும்பக் கொழுவிவிட்டு டிஸ்க்கையே கேட்கலாம். சிநேகிதர் ஒருவரின் லப்டொப்பில் ரூஃபஸ் என்ற மென்பொருளால், விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் ட்ரைவில் எழுதி எடுங்கள். 8 ஜிபி காணும். உங்கள் மெஷினைப் போட்டவுடன் பூட் மெனு விசையை அழுத்துங்கள்: கிகாபைட் போர்டு என்றால் எஃப்12, ஏசூஸ் என்றால் எஃப்8, எம்எஸ்ஐ என்றால் எஃப்11. பென் ட்ரைவிலிருந்தே லினக்ஸ் ஓடும், ஹாட் டிஸ்க்கில் எதையும் எழுதாது. ஆனால் டெஸ்க்டொப்பில் இருக்கும் "இன்ஸ்டால்" படத்தைத் தொட வேண்டாம், அதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

அங்கே ஜிஸ்மார்ட்கண்ட்ரோல் என்ற சிறு மென்பொருளை ஏற்றி டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையை, அதாவது டிஸ்க் தன் நிலைமையைத் தானே எழுதி வைக்கும் கணக்கை, திறவுங்கள். நீண்ட அட்டவணை வரும். எல்லாவற்றையும் பார்த்துப் பயப்பட வேண்டாம், "மூல மதிப்பு" (Raw value) என்ற நிரலில் முக்கியமாக நாலு வரி பாருங்கள். 5ஆம் இலக்கம்: இதுவரை மாற்றீடு செய்யப்பட்ட செக்டர்கள். 197: வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198: சோதித்துப் பார்த்தும் வாசிக்க முடியாதவை. 199: கேபிள் வழியே வரும்போது பழுதான தரவுகளின் எண்ணிக்கை. 199 மட்டும் பெரிதாக இருந்து மற்ற மூன்றும் பூச்சியம் என்றால், சாவகச்சேரி கதைதான். கேபிளை மாற்றிய பிறகும் அந்த எண் குறையாது, பழைய கணக்கு அழியாது. மேலும் கூடுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். 197இல் பூச்சியம் தவிர வேறு எது இருந்தாலும் அந்த டிஸ்க்கில் நான் புதிதாக எதுவும் போட மாட்டேன். 9ஆம் இலக்கம் ஓடிய மணித்தியாலங்கள். ஒரு வருடம் இடைவிடாமல் ஓடினால் 8,760, அதை வைத்து வயதைக் கணக்குப் பாருங்கள். சீகேட் டிஸ்க் என்றால் 1ஆம், 7ஆம் இலக்கங்களில் கோடிக்கணக்கில் எண் நிற்கும். அது அவர்கள் எண்ணை எழுதும் முறை, நோய் இல்லை. அதைப் பார்த்துவிட்டு இரவில் தொலைபேசி எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு விலக்கு. டிஸ்க் "டிக், டிக்" என்று ஒழுங்கான இடைவெளியில் தட்டினால், அல்லது கேபிளை மாற்றியும் பயோஸிலேயே (மெஷினைப் போட்டவுடன் வரும் அடிப்படை அமைப்புத் திரையில்) தெரியாவிட்டால், மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். உள்ளே வாசிக்கும் தலை பழுதாக இருக்கலாம். அப்படியென்றால் ஓட ஓடத் தகட்டைச் சுரண்டக்கூடும். அப்போது கொழும்பில் தரவு மீட்கிறவர்களிடம்தான் அனுப்ப வேண்டும். செலவு கூட, உறுதியும் இல்லை. திறந்து பார்க்கிறேன், ஃப்ரீசரில் வைத்து எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எங்கள் காலநிலையில் ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்த சாமானில் ஒரு நிமிடத்தில் தண்ணி வேர்க்கும்.

சத்தம் இல்லை, டிஸ்க் தெரிகிறது என்றால் பிரதி எடுக்கத் தொடங்கலாம். இந்தப் பதிலில் நான் நேரம் எடுத்துச் சொல்ல விரும்புவது இதைத்தான். எங்கள் பக்கம் பல வீடுகளில் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்கு முந்திய படம் என்று ஒன்றோ இரண்டோதான் மிச்சம், அதுவும் யாரோ வெளிநாட்டில் இருந்த உறவினரிடம் இருந்து திரும்பி வந்தது. ஸ்கேன் பண்ணிக் கணினியில் போட்டதும் "இனிப் பயமில்லை" என்று நினைத்துவிட்டோம்.

பிரதி எடுக்க ஒரு வெளி டிஸ்க் வேண்டும், 1 டிபி என்றால் வசதி. அது என்டிஎஃப்எஸ் என்ற ஃபோர்மட் முறையில் இருக்கிறதா என்று முதலே பாருங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு தனி ஃபைலை அது ஏற்காது, பாதி இரவில் நின்று போகும். 197இல் எண்ணிக்கை சிறிது என்றால், லினக்ஸில் பழைய டிஸ்க்கை வாசிப்பதற்கு மட்டும் என்று திறந்து, மிகவும் விலைமதிப்பான போல்டரை முதலில் இழுத்துப் போடுங்கள். வினாத்தாள், படங்கள். பாட்டும் சினிமாவும் கடைசியில், அல்லது வேண்டவே வேண்டாம்.

எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் என்றால் அல்லது இழுக்கும்போது நின்று நின்று போனால், ஃபைல் ஃபைலாக எடுப்பதை விடுங்கள். டிடிரெஸ்க்யூ என்ற கருவி முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு பெரிய ஃபைலாகப் பிரதி எடுக்கும். அதன் புத்திசாலித்தனம் என்னவென்றால், கரைச்சல் தரும் இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டிப் போய் நல்ல இடங்களை எல்லாம் முதலில் அள்ளிவிடும். பிறகுதான் திரும்பி வந்து மிச்சத்தைச் சுரண்டும். எது எடுத்தாயிற்று எது மிச்சம் என்று ஒரு வரைபட ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். கட்டளையில் மூன்றாவதாக அந்த ஃபைலின் பெயரைக் கட்டாயம் கொடுங்கள். மின்சாரம் போனால், வந்ததும் அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதலாவதாக எழுதுவது மூல டிஸ்க், இரண்டாவதாக எழுதுவது போய்ச் சேரும் இடம். இந்த ஒழுங்கு மாறினால் வெறும் டிஸ்க்கை அப்பாவின் டிஸ்க்குக்கு மேலே எழுதிவிடுவீர்கள், அதற்கு மருந்து இல்லை. லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாமல், டிஸ்க்கின் அளவையும் ஸ்டிக்கரில் இருக்கிற தொடர் இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எண்டர் விசையை அழுத்துங்கள்.

நேரத்தைப் பற்றி: நல்ல நிலையில் இருக்கும் டிஸ்க் செக்கனுக்கு 100 எம்பி அளவில் வாசிக்கும், 500 ஜிபிக்கு ஒன்றரை மணித்தியாலம் போல. பழுதான டிஸ்க்கில் அது இரண்டு நாளும் ஆகலாம். யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். லப்டொப்பில் பட்டரி இருக்கிறதே என்று டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி அடப்டரில் கொழுவினாலும், மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனியாக வேண்டும். அந்த அடப்டர் சுவர் மின்சாரத்தில்தான் இருக்கும், ஆகவே அதற்கும் யூபிஎஸ். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னல் நாட்களில் பின்னேரம் தொடங்காமல் காலையில் தொடங்குங்கள். டிஸ்க் சூடாகாமல் ஒரு மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தால் நல்லது.

கடையில் குயிக் ஃபோர்மட் அடித்திருந்தால், இந்தப் பெரிய பிரதி ஃபைலின் மேலேதான் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற மீட்புக் கருவிகளை ஓட்ட வேண்டும், நோயாளி டிஸ்க்கின் மேலே அல்ல. டெஸ்ட்டிஸ்க்கால் பெயரோடு கிடைக்கலாம். ஃபோட்டோரெக் ஃபைலைத் தரும், பெயரைத் தராது.

விண்டோஸோடு வரும் டிஸ்க் திருத்தும் கருவியான செக்டிஸ்க் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாராவது கட்டாயம் அதை ஓட்டச் சொல்வார்கள். பழுதான டிஸ்க்கில் பிரதி எடுப்பதற்கு முன் அதை ஓட்ட வேண்டாம். அதற்கு ஃபைல் முறைமை ஒழுங்காக இருந்தால் சரி, உங்கள் படம் இருக்கிறதா என்பது அதன் கவலை இல்லை. ஒருமுறை இரவு ஓட விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் ஒரு கலியாண வீட்டு அல்பம் பெயரில்லாத நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர் என்னோடு இன்னும் நன்றாகத்தான் கதைக்கிறார், எனக்குத்தான் முகம் பார்க்க முடிவதில்லை.

ஃபைல்களோடு இன்னொன்றையும் மறக்காமல் எடுங்கள்: விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் எழுத்துரு போல்டர். அப்பா 2012இலிருந்து தட்டிய வினாத்தாள் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பாமினி எழுத்துருவில்தான் இருக்கும். பாமினி யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை போலத் தெரியும். ஃபைல் பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். எழுத்துருவைப் போட்டால் வினாத்தாள் அப்படியே எழும்பி வரும், லினக்ஸிலும்தான்.

இனி ஓஎஸ். பழைய டிஸ்க்கில் போடுவது என்ற பேச்சை விடுங்கள், சுழலும் தட்டு இல்லாத ஒரு சின்ன எஸ்எஸ்டி டிஸ்க் வாங்குங்கள். 240 அல்லது 256 ஜிபி காணும். இரண்டரை அங்குல சாட்டா என்று கேட்டு வாங்குங்கள். எம்.2 என்ற மெல்லிய பட்டை வகையை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், உங்கள் போர்டில் அதற்கு இடம் இருக்காது. அந்தக் காலத்து போர்டுகள் பலவற்றில் சாட்டா இரண்டாம் தலைமுறை. எஸ்எஸ்டியின் முழு வேகமும் கிடைக்காது, ஆனால் கவலை வேண்டாம். சுழலும் தட்டில் தலை இடம் தேடிப் போகும் நேரம் இல்லாமல் போவதுதான் பெரிய மாற்றம். போட்டால் புது மெஷின் போலத் தெரியும். கையில் காசு மிஞ்சினால் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 றாம், பழையது கிடைக்கும். அப்படியே மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டரியையும் மாற்றுங்கள். அது இறந்தால் திகதி பின்னுக்குப் போகும், பிறகு இணையத்தளங்கள் எல்லாம் பாதுகாப்பில்லை என்று திரை கத்தும்.

விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14இல் நின்றது. பதிவு செய்தால் வீட்டு மெஷின்களுக்கு ஒரு வருட நீட்டிப்பு, அவ்வளவுதான். விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே முறைப்படி ஏற்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேறு கேட்கும். ரூஃபஸால் அந்தச் சோதனையைத் தாண்டிப் போடலாம், உங்கள் ஐ3இல் ஓடவும் ஓடும். ஆனால் அடுத்த பெரிய புதுப்பித்தலில் என்ன செய்யும் என்று தெரியாத ஒன்றை ஓய்வுபெற்ற ஒருவரின் மேசையில் வைக்க எனக்கு மனமில்லை. காசு கொடுக்காத விண்டோஸைக் கொடுத்தது போலக் காட்டக் கடையில் ஏற்றித் தரும் "அக்டிவேட்டர்" பற்றியும் அதே கருத்துத்தான், அதற்குள் யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

நான் போடுவதென்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான பதிப்பு. மின்ட் 22 2029 வரை புதுப்பிக்கப்படும். வினாத்தாள் தட்ட லிப்ரே ஒஃபிஸ், யூடியூப் பார்க்க உலாவி, பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் கதைக்க அதே உலாவி. அப்பா குறிப்பிட்ட ஒரு விண்டோஸ் மென்பொருளைத்தான் பாவிக்கிறார் என்றால் மட்டும் விண்டோஸ் 10 போட்டு, வங்கி வேலைகளை அதில் செய்யாமல் விடுங்கள். பழைய பிரிண்டர் லினக்ஸில் வேலை செய்கிறதா என்று பென் ட்ரைவில் ஓடும்போதே செருகிப் பாருங்கள், பிறகு கவலைப்படத் தேவையில்லை.

போடும்போது இரண்டு விஷயம். ஒன்று, பழைய டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் கொழுவுங்கள். இரண்டும் இருந்தால் விண்டோஸ் தன் பூட் ஃபைலைப் பழைய டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடும் சாத்தியம் உண்டு, பின்னொரு நாள் அதைக் கழற்றினால் மெஷின் எழும்பாது. இரண்டு, தொடங்குவதற்கு முன் பயோஸில் சாட்டா முறை ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தால் ஏஎச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றுங்கள். பிறகு மாற்றினால் விண்டோஸ் நீலத் திரை காட்டும். மற்றபடி வெற்று இடத்தைக் காட்டி அடுத்தது அடுத்தது என்று அழுத்தினால் முடிந்தது. கஷ்டமெல்லாம் இதற்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

கடைசிக் கேள்வி, பழைய டிஸ்க்கைப் படம் பாட்டு வைக்கப் பாவிக்கலாமா என்று. 5, 197, 198 மூன்றும் பூச்சியமாக இருந்து, கேபிள்தான் குற்றவாளி என்று தெரிந்தால் தாராளமாகப் பாவியுங்கள். 197இல் எண் இருந்தால் வேண்டாம். தொலைந்தாலும் பரவாயில்லை என்று நினைத்து வைக்கிற டிஸ்க்கில்தான் ஆறு மாதம் கழித்து யாராவது கலியாண வீடியோவைப் போடுவார்கள். எடுத்த பிரதி இரண்டு இடத்தில் திறந்து பார்க்கப்படும்வரை அதை ஒரு கடதாசியில் சுற்றி, மேலே "பழுது" என்று எழுதி, அலுமாரியில் வையுங்கள்.